மைனா மாறிப் போன இடம்

எனக்குப் பறவைகள் மேல் பகை எதுவும் கிடையாது. ஆனால் தலைக்கு மேலேயே குடித்தனம் நடத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? எங்கள் படுக்கையறையில் ஓட்டுக்குக் கீழே அட்டை அடித்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜோடி மைனா புகுந்துகொண்டது. விடிந்தும் விடியாததுமாகப் பிறாண்டல் தொடங்கிவிடும். யாரோ நகத்தால் அட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்குவது போல இருக்கும். பக்கத்தில் என் மகள் வாண்டு கையைக் காலை விரித்துத் தூங்குவாள். அட்டை பிய்ந்து அவள் மேல் விழுந்துவிடுமோ என்று நான் மேலேயே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

உடனே அடைக்கச் சொன்னேன். நாத்தனார் குறுக்கே வந்தாள். வேலை தேடி எங்களோடு வந்து தங்கியிருப்பவள். வாய் மட்டும் வீட்டுச் சொந்தக்காரி மாதிரி. குஞ்சு பறக்கிற வரை ஓட்டைத் தொடக்கூடாது, உள்ளே வைத்து அடைத்தால் பட்டினியில் செத்து நாறும் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம் போலத் தங்கை பக்கம் சாய்ந்தார். குஞ்சுகள் பறந்த பிறகு ஏணி போட்டு ஏறி, காலிக் கூட்டை வாரி எறிந்து, ஓட்டு ஓரம் முழுக்கக் கம்பி வலை அடித்தார்.

மைனாவா விடும்? வலையைக் கொத்திப் பார்த்துவிட்டு வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தன. குளியலறைச் சின்ன ஜன்னல் வழியாக ஒன்று உள்ளே புகுந்து என் முகத்துக்கு நேரே படபடத்ததில், ஈரத் துணியோடு அலறிக்கொண்டு ஓடிவந்தேன். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே அந்த ஜன்னலுக்கு அட்டை வைத்து இடுக்கு விடாமல் டேப் ஒட்டினேன்.

பிறகு அவை குளியலறைச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குள் வைக்கோல் கொண்டுபோவதைப் பார்த்தேன். கேஸ் கீசரின் புகை வெளியேறுகிற குழாய் அது. வெயில் காலமாதலால் கீசரை ஏற்றி வெகுநாளாகியிருந்தது. கீசர் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் நாத்தனார். என் தலைக்கு மேல் இல்லாதவரை எனக்கென்ன என்று நானும் தலையாட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

மழை பிடித்துக்கொண்டது. தண்ணீரைத் தொட்டாலே விறைக்கிற ஒரு காலையில் வாண்டுவைக் குளிப்பாட்டத் துண்டைக் கட்டி நிறுத்தியிருந்தேன். நாத்தனார் குறுக்கே புகுந்து தாழ்போட்டுக்கொண்டாள். நேர்காணலாம், நேரமாகிவிட்டதாம். குழந்தை குளிரில் நடுங்குகிறதே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அங்கேயே கெட. வெளிய வராத" என்று கத்தினேன்.

பதில் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். அண்ணனும் அப்படித்தான், குடும்பமே அப்படி. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினேன். கீசர் எரிகிற சத்தமும் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன. இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பின்பக்கம் மைனாக்கள் தொண்டை கிழியக் கத்தின. இந்தச் சனியன்களுக்கு இப்போது என்ன வந்தது என்று எட்டிப் பார்த்தேன். இரண்டும் அந்தக் குழாயைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. குழாய் வாய் நிறைய வைக்கோல் அடைந்திருந்தது. புகை ஒரு பொட்டுகூட வெளியே வரவில்லை. அப்படியானால் கீசர் புகை எங்கே போகிறது? ஜன்னலையும் நானே அல்லவா அடைத்திருந்தேன்.

ஓடிப்போய்க் கீசர் சிலிண்டரை மூடிவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து தோளால் இடித்தார். மறுபடி இடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்தது.

அவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். மேலே ஒரு போர்வையைச் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தோம். வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினார். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்ததா, மழைக்காற்றா, எனக்குத் தெரியவில்லை. என் ஆயுசில் அப்படிப் பயந்ததில்லை. கன்னத்தில் தட்டினேன், உலுக்கினேன்.

"ஏய், பேசுடி. என்னைத் திட்டவாவது திட்டு."

அவள் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. குமட்டி வாந்தியெடுத்தாள். கண் பாதி திறந்தது. அது என்னைப் பார்த்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. உதடு மட்டும் அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"அண்ணி... வாண்டுவை உள்ள விடாதீங்க."

திரும்பிப் பார்த்தேன். உடைந்த குளியலறைக் கதவுக்குள் ஒரு காலை வைத்தபடி, துண்டோடு நின்றுகொண்டிருந்தாள் என் மகள்.