முகாமுக்குப் போன பணியாரத் தட்டு

கோணேசர் மீது ஆணை. பத்திரகாளி அம்மன் மீது ஆணை. இந்த இரண்டு பேரும் போதாது என்பவர்களுக்காக, என் வாயில் மிஞ்சியிருக்கிற பற்கள் மீதும் ஆணை. நான் எழுதப்போவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லுக்கு வந்து விசாரிக்கலாம். விசாரித்தால் பதில் சொல்ல அந்தக் காலத்து ஆட்கள் அங்கே ஒருவரும் இல்லை. அதற்கு நான் பொறுப்பாளி அல்ல.

என் மனைவி பாக்கியரத்தினம் போன பங்குனியில் காலமானாள். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரில் ‘அமைதியும் அடக்கமும் ஒருங்கே அமைந்த இல்லத்தரசி’ என்று போட்டிருந்தார்கள். வேறு யாருடைய மலரோ மாறி வந்துவிட்டது என்று அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். படத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். படத்திலும் அவளுக்கு வாய் திறந்துதான் இருந்தது. ஆகவே உள்ளதை நானே எழுதிவிடுவது நல்லது.

பாக்கியத்துக்குக் கதை என்றால் சோறு வேண்டாம். கலியாணம் முடித்த புதிதில் பக்கத்து வீட்டுக்கு உப்பு வாங்கப் போனாள். திரும்பி வரும்போது உப்பு இல்லை. அந்த வீட்டுப் பெட்டைக்கு மாப்பிள்ளை சரிவந்திருந்தது. மாப்பிள்ளை என் தம்பி. அன்றைக்கு நானும் தம்பியும் உப்பில்லாத கறியோடு சாப்பிட்டோம். அவனுக்கு ஏனென்று பிறகுதான் தெரிந்தது.

சல்லி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது பஸ் சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கித் தேத்தண்ணிக் கடைக்குப் போவான். பாக்கியம் எல்லோருக்கும் ‘போட்டு வாறன்’ சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஷெல் அடிக்கிற நாட்களில் பங்கருக்குள் எங்கள் ஒழுங்கையின் எல்லா வீட்டுச் சனமும் எங்களோடு குந்திக்கொண்டிருக்கும். ஷெல் ஓய்ந்த பிறகும் ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். பாக்கியம் தொடங்கிய கதை முடியவில்லையாம்.

மகள் தங்கரத்தினத்துக்குப் பிள்ளைப்பேறு வந்தபோது இவள் ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்றாள். இவளுடைய கதையைக் கேட்டு, வலியோடு வந்திருந்த வேறு சில பெண்கள் வலியை மறந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பேரன் பிறந்தவுடன் அழவில்லை. பயந்துபோய்க் கேட்டோம். “அம்மம்மா ஒரு இடைவெளி விட்டால்தானே பிள்ளை அழும்” என்று தாதி சொன்னாள்.

இவ்வளவும் பெரிய விஷயம் அல்ல. பெரிய விஷயம் தட்டு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சட்டம் இருந்தது. அரசாங்கம் போட்ட சட்டம் அல்ல. அதனால் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்தால், தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு பரீனா வட்டிலப்பம் அனுப்புவாள். தட்டு திரும்பிப் போகும்போது அதில் பால்ரொட்டி இருக்கும். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சீனியாவது, கறிவேப்பிலைக் கொத்தாவது இருக்கும். தட்டை வெறுமையாகக் கொடுப்பது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். பாக்கியத்தைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் உலகம் முழுவதற்கும் பொதுவானது.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு காலை இராணுவத்தினர் எங்கள் பகுதியைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்கள் எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. நானும் மகன் ஞானசேகரமும் போனோம். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. தாய் பேசிய பேச்சில் அவனுக்கு வாய் திறக்கும் தேவையே வந்ததில்லை. யாராவது பெயரைக் கேட்டால்கூட அவள்தான் சொல்வாள்.

மைதானத்தில் தலையில் சாக்குப் போட்ட ஆள்காட்டி ஒருவனை ஜீப்பில் இருத்தியிருந்தார்கள். அவன் தலையாட்டினால் ஆளை ஏற்றுவார்கள். நான் அவன் முன்னால் போய் நின்றேன். சாக்கு அசையவே இல்லை. கொஞ்சம் மனவருத்தமாகத்தான் இருந்தது. ஞானசேகரம் வந்தபோது ஆள்காட்டிக்குச் சாக்குக்குள் சொறிந்ததோ தும்மல் வந்ததோ, தலை ஆடியது. அதிகாரி பெயரைக் கேட்டான். என் மகன் பழக்கதோஷத்தில், தாய் சொல்வாள் என்று பேசாமல் நின்றான். ஏற்றிவிட்டார்கள்.

நான் தனியாக வீட்டுக்கு வந்தேன். பாக்கியம் வாசற்படலையில் நின்றாள்.

“இஞ்சருங்கோ, எங்க பிள்ளை?”

“கொண்டுபோட்டாங்கள்.”

“நீங்கள் என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்?”

“நான் நிண்டனான்.”

“நிக்கிறதுக்கு எங்கட வளவுக்குள்ள தென்னை இருக்கு.”

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். அழுகிறாள் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து பயறு வறுக்கிற வாசனை வந்தது. பின்பக்க வேலியால் பரீனா ஓடிவந்தாள்.

“என்னக்கா இது! புள்ளயப் புடிச்சிட்டுப் போயிருக்காங்க, நீங்க பயத்தம்பணியாரம் சுடுறீங்க?”

“ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போறதே?”

“அது வீடில்லக்கா, கேம்ப்!”

“அவங்களும் அங்கதானே படுத்து எழும்புறாங்கள். உன்னட்ட அந்த நீலப்பூப் போட்ட தட்டு இருக்கெல்லோ, அதைக் கொண்டா. என்ர தட்டுகள் எல்லாம் விளிம்பு உடைஞ்சு போச்சு.”

அது பரீனாவின் சீதனத் தட்டு. பெருநாளுக்குக்கூட அலுமாரியை விட்டு இறங்காதது. பரீனா போய் எடுத்து வந்தாள்.

முகாம் உள்துறைமுகத்துப் பக்கம் இருந்தது. நான் வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேம்பின் கீழ் நின்றேன். நிற்பதில் எனக்கு அதற்குள் அனுபவம் வந்திருந்தது. பாக்கியம் நேரே வாசலுக்குப் போனாள். அவளுடைய சிங்களம் மீன் சந்தையில் படித்தது. விலை கேட்கவும் தாயைப் பற்றி விசாரிக்கவும் மட்டும் போதுமானது. துவக்கை நீட்டிய சிப்பாயிடம் அவனுடைய தாயைப் பற்றி விசாரித்தாள். அவன் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தான். பிறகு அவனே அவளை அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனான்.

அதிகாரி மாத்தறைப் பக்கத்து ஆள். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். பாக்கியம் அவரைச் சிங்கள மரியாதையில் ‘மாத்தையா’ என்று கூப்பிட்டாள்.

“அம்மா, அந்தப் பெயரில இங்க ஆள் இல்லை.”

“இருக்கட்டும் மாத்தையா. முதல்ல இதைச் சாப்பிடுங்கோ. சூடு ஆறினா மொறுமொறுப்புப் போயிடும்.”

மாத்தையா ஒன்று சாப்பிட்டார். பிறகு தட்டு முழுவதையும் சாப்பிட்டார். வெறுந்தட்டை நீட்டினார். பாக்கியம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வெறுந்தட்டு வாங்க ஏலாது.”

“ஏன்?”

“உங்கட அம்மா பழக்கேல்லையோ?”

மாத்தையாவின் முகம் சிவந்தது. களஞ்சியத்திலிருந்து ஒரு டின் மீன் எடுப்பித்துத் தட்டில் வைத்தார். பாக்கியம் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வந்து என்னிடம் சொன்னாள்: “இப்ப நாங்கள் அவைக்குக் கடன்பட்டுப் போனம். நாளைக்கும் போகத்தானே வேணும்.”

மறுநாள் அந்த மீனில் கட்லட் செய்து கொண்டுபோனாள். பருப்பு வந்தது. பருப்பு வடையாகிப் போனது. கோதுமை மா வந்தது. மா ரொட்டியாகிப் போனது. மண்ணெண்ணெய் வந்தது. மண்ணெண்ணெயைச் சமைக்க முடியாதபடியால் அதில் அடுப்பு எரித்து மோதகம் அவித்துப் போனாள். ஒவ்வொரு நாளும் மாத்தையா “ஆள் இல்லை அம்மா” என்று சொல்வார்; அவள் “இருக்கட்டும் மாத்தையா” என்று சொல்வாள்; தட்டு நிறைந்து திரும்பும்.

ஊர் முழுக்கச் சாமான் தட்டுப்பாடு. எங்கள் ஒழுங்கையில் மட்டும் பூனைகளுக்குக்கூடத் தொந்தி வைத்தது. பரீனாவின் புருஷன் சரீப் மூன்றாவது தடவையாகச் சாரத்தை இறக்கிக் கட்டினான். முகாமில் நிலைமை இன்னும் மோசம். காவற்கோபுரத்து ஏணியில் ஏற முடியாமல் காவலாளி கீழே நின்றே ஊரைக் கண்காணித்தான். மாத்தையாவின் இடுப்புப் பட்டியில் புது ஓட்டை போட இடமில்லை. இரண்டு பட்டியைச் சேர்த்துத் தைத்தார்கள். சீனன்குடாவிலிருந்து லொறியில் சாமான் வரும். வந்த வேகத்தில் நீலப்பூத் தட்டில் ஏறி எங்கள் ஒழுங்கைக்குப் போய்விடும்.

கடைசியில் ஒரு நாள் களஞ்சியத்தில் ஒன்றும் இல்லை. பாக்கியம் கொண்டுபோன கொழுக்கட்டையைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மாத்தையாவுக்கு அது தெரிந்தது. மனுசன் வியர்த்துப்போனார். காலுக்குப் போடும் ஒரு சோடி சப்பாத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“இதென்ன, தின்னுற சாமானோ?”

திருகோணமலை வரைபடம் ஒன்றைச் சுருட்டி வைத்தார்.

“இது எனக்கு என்னத்துக்கு? வழி தெரியாமலோ நான் ஒவ்வொரு நாளும் வாறன்?”

தான் இருந்த கதிரையைத் தூக்கி வைக்கப் பார்த்தார். தட்டு உடைந்தால் பரீனாவுக்கு யார் பதில் சொல்வது என்று இவள் அதட்டினாள். மாத்தையா தலையில் கைவைத்துக்கொண்டு அந்தக் கதிரையிலேயே இருந்தார்.

“அம்மா, இனி நான் என்னத்தை வைக்கிறது?”

“நான் பெத்தது ஒண்டு உங்களிட்ட இருக்கு, மாத்தையா. அதை வையுங்கோ.”

மாத்தையா தட்டை அளப்பதுபோல் பார்த்தார். அன்றைக்கு ஆள் இல்லை என்று சொல்லவில்லை.

“அது இதில கொள்ளாதே அம்மா.”

“கொள்ளும். மெலிஞ்சிருப்பான்.”

எதிர்ப்பக்கத்து வேம்பின் கீழிருந்து என் கண்ணால் கண்டேன். முகாம் வாசலால் பாக்கியம் வந்தாள். அவளுக்குப் பின்னால், நீலப்பூத் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி ஞானசேகரம் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. வாசற்சிப்பாய் அவனுக்கு வழிவிட்டு, பாக்கியத்திடம் அடுத்த நாள் என்ன பலகாரம் என்று கேட்டான்.

வீடு வந்துசேர நேரம் சென்றது. வழியில் ஒரு வீட்டையும் அவள் தவறவிடவில்லை. படலைக்குப் படலை நின்று முழுக்கதையும் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் தூண்களாக நின்றோம். பரீனா தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு கீறலும் இல்லக்கா,” என்றாள். தட்டைச் சொன்னாளா பிள்ளையைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தவுடன் ஞானசேகரம் வாய் திறந்தான். யாரும் கேட்காமல், தாய் எடுத்துக் கொடுக்காமல், தானாக.

“அம்மா, பசிக்குது.”

பாக்கியம் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பொழுதுபடும்வரை அவள் வேறு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட எங்கள் குடும்ப வாழ்க்கையில் அவள் பேசாமல் இருந்த ஒரே பொழுது அதுதான்.

பாக்கியரத்தினத்துக்குக் கொள்ளி வைத்தது மகள் வயிற்றுப் பேரன். ஞானசேகரத்தை ஏற்றிக்கொண்டு போன அந்த ஆவணிக்குப் பிறகு, இந்தக் கதையில் தவிர, எங்களில் ஒருவரும் அவனைக் காணவில்லை.