அப்பா சொன்ன பெயர்

ரஸ்டி மைக்கை நீட்டியபோது ராய்ஸ் ஹால்வர்சனின் வாயில் சினமன் ரோலின் கடைசித் துண்டு இருந்தது. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் கையைக் காட்ட, சுற்றியிருந்த மேசைகளில் சிரிப்பு எழுந்தது. வியாழக்கிழமை மாலைகளில் டில்மோர் ஊரில் பாதிப்பேர் வாக்னர் உணவகத்தில்தான் இருப்பார்கள். கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிப் பயிற்சியாளர் அங்கே உட்கார்ந்துதான் உள்ளூர் வானொலியில் பேசுவார். பாதி நிகழ்ச்சியில் அவர் கிளம்பிவிடுவார். மீதி நேரத்துக்கு, நிகழ்ச்சி நடத்தும் ரஸ்டி மைக்கை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வந்து ஊர்க்காரர்களின் வாயைக் கிண்டுவார். அந்த வாரம் எல்லா மேசையிலும் ஒரே பேச்சுதான். குவார்ட்டர்பேக் கீகனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அவனுக்கு அடுத்து இருந்தவன் பருவம் தொடங்கிய கையோடு அணியை விட்டே போய்விட்டான். சனிக்கிழமை கீகன் விழுந்தால், பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து, மொத்த ஆட்டத்தையும் நடத்தப்போவது யார்?

இரண்டு பெயர்கள்தான். ஒருவன் டிரெவியன் பூக்கர், கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்த முதலாண்டு மாணவன். இன்னொருவன் மூன்றாமாண்டு படிக்கும் டேன், உள்ளூர்ப் பையன், ராய்ஸின் ஒரே மகன்.

மைக் வருவதற்கு முன்பே அந்த மேசையில் சண்டை முற்றியிருந்தது. ராய்ஸோடு விதைக் கிட்டங்கியில் வேலை பார்க்கும் டெல்பர்ட், தன் கோப்பையை ஒரு பக்கமும் மிளகுப் புட்டியை மறுபக்கமும் வைத்து ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"டேனுக்கு எல்லாத் திட்டமும் மனப்பாடம். மூணு வருஷமா இங்கயே கிடக்கறான். அந்தப் பையன் நேத்து வந்தவன். நாளைக்குப் பெரிய காலேஜ்லேர்ந்து ஒருத்தன் விரலசைச்சா ஓடிருவான்."

"ஓடினா ஓடட்டும்யா, அதுவரைக்கும் எறிவான்ல?" என்றாள் கிம் ஸ்வோபோடா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கும் குரல். "அவன் கையைப் பார்த்தியா நீ? மைதானத்துக்கு அந்தக் கோடியிலேர்ந்து எறியறான், பந்து நூல் பிடிச்ச மாதிரி வருது."

"நம்ம ஊர்ப் பையன்னு ஒண்ணு இருக்குல்ல கிம்?"

"ஊர்ப் பையனை ஊர்வலத்துல முன்னாடி நிறுத்து. ஆட்டத்துல எதுக்கு?"

சொன்ன பிறகுதான் ராய்ஸ் பக்கத்தில் இருப்பது அவளுக்கு உறைத்தது. "உன் பையனைச் சொல்லலப்பா" என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். ராய்ஸ் சிரித்தார். அவர் காயப்படவில்லை. உண்மையில் டெல்பர்ட்டின் பேச்சுதான் அவரை உறுத்தியது. 'நேத்து வந்தவன்' என்ற சொல்லுக்குள் டெல்பர்ட் அவன் நிறத்தைப் பற்றி எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று பட்டது. ராய்ஸ் பல வருஷம் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராக விசில் ஊதியவர். ஒரு முறை கடைசி நிமிடத்தில் சொந்த ஊர் அணிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, ஆட்டமே கைவிட்டுப் போனது. அன்று திட்டியவர்களே பின்னாளில், 'ராய்ஸ் சொன்னா சரியா இருக்கும்' என்றார்கள். பெரிய வீடோ நிலமோ சேர்க்காத அவருக்கு ஊரில் இருந்த ஒரே சொத்து அந்தப் பேச்சு. விதை வாங்க வருகிறவர்கள்கூட இரண்டு ரகத்தைக் காட்டி, எது நல்லது என்று அவரைத்தான் கேட்பார்கள்.

ரஸ்டி விடவில்லை. "முழுங்குங்க, முழுங்குங்க, நேரம் இருக்கு. நேயர்களே, நம்ம ராய்ஸ் ஹால்வர்சன். டேனோட அப்பா. ராய்ஸ், ஒரு நிமிஷம் அப்பாங்கறதை மறந்துடுங்க. பழைய நடுவராச் சொல்லுங்க. கீகனுக்கு அடுத்து யாரு?"

உணவகம் அமைதியானது. தட்டில் கரண்டி படும் சத்தம்கூட இல்லை. எல்லா முகங்களும் தன் பக்கம் திரும்பியதை ராய்ஸ் பார்த்தார். 'தெரியல' என்று சொல்லியிருக்கலாம். 'ரெண்டு பேருமே நல்ல பசங்க' என்று மழுப்பியிருக்கலாம். ஊரே அப்படித்தான் எதிர்பார்த்தது. ஆனால் அந்த அமைதி அவருக்குள் எதையோ நிமிர்த்திவிட்டது.

"டிரெவியன்," என்றார். "எட்டு வயசிலேர்ந்து டேன் ஆடறதைப் பார்க்கறேன். நல்ல பையன், புத்திசாலி. ஆனா எதிராளிங்க பாய்ஞ்சு வந்தா அவனுக்குக் கால் தரையில ஒட்டிக்கும். முதல்ல பார்த்த ஆளையே பார்த்துக்கிட்டு நிப்பான். அணி ஜெயிக்கணும்னா டிரெவியன்தான். எந்த ஊர்லேர்ந்து வந்தா என்ன?"

முதலில் கிம் கை தட்டினாள். பிறகு எல்லா மேசைகளும் தட்டின. டெல்பர்ட்கூடத் தலையை ஆட்டி, "நீ மனுஷனே இல்லய்யா" என்று சொல்லிவிட்டுத் தட்டினார். ராய்ஸின் காது மடல்கள் சூடாயின. தண்ணீரை எடுத்துக் குடித்தார். நல்லதொரு காரியம் செய்துவிட்ட நிறைவு, கார் வரைக்கும் அவரோடு நடந்து வந்தது.

வீட்டு வாசலில் மனைவி ஜோலீனின் கார் நின்றிருந்தது. அவள் உள்ளே போகவில்லை. மருத்துவமனைச் சீருடையோடு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். ராய்ஸ் கண்ணாடியைத் தட்டியதும் கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"ரேடியோ கேட்டுக்கிட்டே வந்தேன்," என்றாள்.

அவர் குனிந்து கண்ணாடி விளிம்பில் கையை ஊன்றினார்.

"தெரியலன்னு ஒரு வார்த்தை வரலியா உனக்கு?"

"பொய் சொல்லச் சொல்றியா ஜோலீன்?"

"பொய் இல்ல. வாயை மூடிக்கிட்டு இருக்கறது. எல்லா அப்பனும் பண்றதுதான்." அவள் குரல் உயரவில்லை. "நீ விசிலைக் கழட்டி வெச்சு எத்தனை வருஷமாச்சு? வீட்டுல இன்னும் ஊதிக்கிட்டேதான் இருக்க."

மறுநாள் வேலையிடத்தில் ஆட்கள் வந்து ராய்ஸின் கையைக் குலுக்கினார்கள். ஒரு கிழவர், 'இந்தக் காலத்துல உங்கள மாதிரி யாரு இருக்கா?' என்றார். ஒவ்வொரு குலுக்கலுக்குப் பின்னும் ராய்ஸ் கைபேசியை எடுத்துப் பார்த்தார். டேன் கல்லூரி விடுதியில் இருந்தான், வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வானொலியைக் கேட்டிருப்பானா? கேட்காவிட்டாலும் யாராவது சொல்லியிருப்பார்கள். 'உன்னைப் பத்தித் தப்பாச் சொல்லல' என்று எழுதினார், அழித்தார். 'உன் நல்லதுக்குத்தான்' என்று எழுதினார், அதையும் அழித்தார். அது உண்மையில்லை என்று அவருக்கே தெரிந்தது. கடைசியில், 'நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் வா, சில்லி வெச்சிருப்போம்' என்று அனுப்பினார். உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார். அதில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் குளிர்காற்று பல்லைக் கிட்டவைத்தது. மூன்றாவது பகுதியில், எல்லோரும் பயந்தபடியே, கீகன் விழுந்தான். இரண்டு பேர் தோள் கொடுத்து அவனைத் தூக்கிப்போனார்கள். அரங்கமே எழுந்து நின்று, கோட்டோரம் இருந்த இரண்டு பையன்களைப் பார்த்தது. ஜோலீன் எழுந்திருக்கவில்லை. கையுறைக்குள் விரல்களைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டிரெவியன் ஓடினான். டேன் அவன் முதுகில் தட்டி அனுப்பிவிட்டு, தலையில் காதொலிக் கருவியோடு கோட்டின் விளிம்பில் நின்று, பயிற்சியாளர் காதில் சொல்லும் திட்டத்தைக் கைகளால் சைகை காட்டத் தொடங்கினான். தோளைத் தொட்டான், காதைத் தொட்டான், இரண்டு முஷ்டிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தான். ஒவ்வொரு முறையும் டிரெவியன் திரும்பி அவனைப் பார்த்த பிறகே ஆட்டம் நகர்ந்தது.

டிரெவியன் பிரமாதமாக ஆடினான். கிம் சொன்ன மாதிரியே பந்து நூல் பிடித்தாற்போலப் போனது. கடைசியில் அவன் எறிந்த ஒரு பந்து மூலையில் ஓடியவனின் விரல்நுனியில் போய் உட்கார்ந்தபோது, டெல்பர்ட் முன்வரிசைக்காரரின் தொப்பியைப் பிடுங்கி மேலே வீசினார். "சொன்னான்யா! ராய்ஸ் சொன்னான்!" என்று கிம் நாலு வரிசைக்குக் கேட்கக் கத்தினாள். யார் யாரோ ராய்ஸின் முதுகில் அறைந்தார்கள். அவர் சிரித்தபடி கோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே டேன் குதித்துக்கொண்டிருந்தான். உண்மையான சந்தோஷம்தான். அதில் ஒரு குறையும் ராய்ஸால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்து, வாகன நிறுத்துமிடத்தில் டெல்பர்ட்டின் வண்டிக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஹோல்ம் அந்த வழியாக வந்தார். ஜோலீன் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் நின்றபடியே இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, ராய்ஸைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனார்.

"உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு," என்றார். "நாங்க செவ்வாய்க்கிழமையே முடிவு பண்ணிட்டோம். கீகனுக்கு அடுத்து டேன்தான்னு."

"டேனா?" என்றார் ராய்ஸ்.

"வெள்ளிக்கிழமை காலையில வந்து நின்னான். டிரெவியனைப் போடுங்கன்னான். ஏண்டான்னேன். எனக்குக் கால் ஒட்டிக்கும் சார்னான்." ஹோல்ம் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு பேசினார். "அது ஸ்கூல்ல இருந்தப்ப, ராய்ஸ். போன வசந்தத்துலயே அதைச் சரி பண்ணிட்டோம். கோடை பூரா தினம் விடியக்காலை வந்து நின்னு கால் மாத்திக் கால் மாத்திப் பழகினான். இப்ப அவன் கால் எங்கேயும் நிக்கறதில்ல. நான் எவ்வளவோ சொன்னேன், இப்ப உனக்கு அந்தக் குறையே இல்லடான்னு. 'எங்கப்பா என்னை எட்டு வயசிலேர்ந்து பார்க்கறார் சார். அவர் எப்பவும் நியாயமாத்தான் சொல்வார்'னான். அதுக்கு மேல நான் என்ன பேசறது?"

பயிற்சி மைதானத்தைச் சுற்றி உயரமான பச்சைத் துணி கட்டியிருப்பார்கள். பெற்றோர் யாரும் உள்ளே போக முடியாது. டேன் கல்லூரி அணியில் சேர்ந்த பிறகு அவன் ஆடி ராய்ஸ் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, அவனை ஆட்டத்தில் இறக்கியதே இல்லை. கோடையில் வீட்டுக்கு வந்தபோது, காலையில் எங்கேடா போறே என்று ஒரு நாள் கேட்டதும், 'சும்மா, ஓடறதுக்குப்பா' என்று அவன் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அன்று உணவகத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே அவர் சொன்னது, இப்போது இல்லாத ஒரு பையனைப் பற்றி. அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கைதட்டல் வருவதற்கு ஒரு கணம் முன்பே அது வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை என்ன சொல்லித் தேற்றுவது?

ஹோல்ம் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஜோலீன் வந்து, "என்னவாம்?" என்றாள். ராய்ஸ் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

வீரர்கள் வெளியே வரும் கதவருகே கூட்டம் கூடியிருந்தது. ராய்ஸ் அங்கே போனார். டேன் சீருடையைக்கூட மாற்றாமல் வந்துகொண்டிருந்தான். நவம்பர் சேற்றில் மற்றவர்களெல்லாம் இடுப்பு வரைக்கும் பழுப்பாகியிருக்க, அவன் வெள்ளைக் கால்சட்டையில் ஒரு புல் கறைகூட இல்லை.

"அப்பா," என்றான். "எப்படி ஆடினான் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஹோல்ம் வந்திருந்தார்டா. உன் கால்... கோடையில நீ..."

டேனின் முகத்தில் எதுவோ வந்து போனது. "அதை ஏன் சொன்னார் அவரு?" என்றான். பிறகு, "விடுங்கப்பா. நீங்க சொன்னது சரிதானே. ஜெயிச்சோம்ல."

"சரியில்ல டேன். நான் சொன்னது சரியில்ல."

இது எந்த ஆட்டத்திலும் கேட்காத தீர்ப்பு என்பதுபோல டேன் அவரையே பார்த்தான். அதற்குள் பின்னாலிருந்து, "டேன்! இதைக் கொஞ்சம் பிடியேன்" என்று டிரெவியனின் குரல் வந்தது. ஏழெட்டுச் சிறுமிகளும் அவர்களுடைய அம்மாக்களும் அவனைச் சூழ்ந்து தொப்பிகளையும் சட்டைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. "வந்துடறேன்பா" என்று சொல்லிவிட்டு டேன் திரும்பிப் போனான்.

ராய்ஸ் நின்ற இடத்திலேயே நின்றார். டிரெவியன் குனிந்து குனிந்து எழுதினான். ஒரு சிறுமி இன்னொரு பேனா கேட்டாள். அவனுக்குப் பக்கத்தில், வெளிச்சம் மங்கிக்கொண்டே வர, டேன் இரண்டு ஹெல்மெட்டுகளை முகக் கம்பியில் விரல் கோத்துப் பிடித்தபடி காத்திருந்தான். ஒன்றில் சேறும் கீறல்களும் இருந்தன. மற்றதன் பளபளப்பில் அரங்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவது தெரிந்தது.