லவீனியா இன்னும் நீருக்கடியில் இருக்கிறாள்

1

என் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி கொரின் சடை பின்னும் கடை வைத்திருக்கிறாள். ஒரு நாள் மழைக்கு அங்கே ஒதுங்கியபோது அவள் தன் தங்கை லவீனியாவைப் பற்றிச் சொன்னதுதான் இந்தக் கதை. பெயர்கள் மட்டும் நான் வைத்தவை. வழக்கமாகக் கல்யாணத்தில் முடிகிற குடும்பக் கதைகளை எழுதுகிறவள் நான். இதிலும் கல்யாணம் உண்டு. கடல் குறுக்கே வந்துவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அலைகள் தாலாட்டும் கரோலினாக் கரையிலே" (போதும். லவீனியா படித்தால் சிரிப்பாள்.)

பிறகு: "கடலறிவியல் வகுப்பின் ஒரே கறுப்பினப் பெண்ணான லவீனியா" (உண்மைதான். ஆனால் வகுப்பில் எல்லோரும் அவளைப் பார்ப்பதும் இதே பார்வைதானே. நானும் அதையே செய்வதா?)

மூன்றாவது: தலையுறை ஏறவில்லை.

இதுவே இருக்கட்டும்.

2

தலையுறை ஏறவில்லை. மார்ச் மாதத் தண்ணீர், விறைக்க வைக்கும் குளிர். ரப்பர் தலையுறை இல்லாமல் யாரையும் இறக்க மாட்டார்கள். படகுத்துறையில் மற்றவர்கள் மாட்டிக்கொண்டு நிற்க, லவீனியாவின் தலையுறை பாதிச் சடையில் சிக்கிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. சனிக்கிழமை கொரினுக்குக் கல்யாணம். மணப்பெண்ணே தோழிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி சன்னச் சடைகளாகப் பின்னியிருந்தாள். லவீனியாவுக்குப் பின்னி முடிக்க ஒரு முழு நாள் ஆயிற்று.

முக்குளிப்புப் பயிற்சியாளர் ஹாலிஸ் பொறுமையாகத்தான் பேசினார்.

"வியாழக்கிழமை கடைசிச் சோதனை, லவீனியா. அதுல தேறினாத்தான் கோடையில ஆராய்ச்சிக் கப்பல். சடையைப் பிரிச்சுட்டு வந்துடேன்."

"சனிக்கிழமை அக்கா கல்யாணம் சார்."

"முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. இதே பிரச்சினை. ஒட்ட வெட்டிக்கிட்டு வந்துட்டா. அவ்வளவு ஆர்வம்."

பாராட்டாகத்தான் சொன்னார். முதல் வரைவில் இவரைக் கொடியவராக எழுதினேன், சுலபமாக வந்தது. கொரினிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த ஆளு நல்லவருதான். அதுதான் கஷ்டமே" என்றாள்.¹

¹ இதே கரையில், இந்த அக்கா தங்கையின் அம்மா சிறுமியாக இருந்தபோது, கறுப்பர்கள் கால் நனைக்கக் கூடாது. இதைக் கதைக்குள் எங்கே வைத்தாலும் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. அதனால் இங்கே.

3

(இந்த இடத்தில் வகுப்புத் தோழன் ஒருவனை அனுப்பி அவளைத் தேற்றச் சொன்னேன். பழக்க தோஷம். நீக்கிவிட்டேன்.)

அக்காவும் தங்கையும் யோசித்தார்கள். தூங்கும்போது சடை கலையாமல் இருக்கப் போடும் வழுவழுப்பான சாட்டின் குல்லா எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் ரப்பர் வழுக்கிக்கொண்டு ஏறாதா? ஏறியது. புதன்கிழமை ஒத்திகையில் பெருமையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். குல்லாவுக்குள் மாட்டிய காற்று பலூனாகத் தலையை மேலே தூக்கியது. கால் கீழே, தலை மேலே, மிதவை மாதிரி ஆடிக்கொண்டு நின்றாள். துறையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைக்கு வந்து அழுதாள்.

"பிரிச்சுடுக்கா. நான் அந்த இடத்துக்கு ஆனவ இல்ல."

"வாயை மூடுடி. ஒரு நாளு முழுக்க என் விரல் என்ன பாடுபட்டுச்சு, பிரிக்கிறாளாம்."

"அப்ப என்னதான் பண்றது?"

"தொப்பி சின்னதா இருந்தா எவளாவது தலையை வெட்டுவாளா? கொண்டா அதை."

கொரின் தலையுறையின் பின்பக்கத்தை உச்சியிலிருந்து கழுத்துவரை வெட்டினாள். பழைய முக்குளிப்பு உடையின் காலிலிருந்து ஒரு துண்டெடுத்து நடுவில் வைத்துத் தைத்தாள். உச்சியில், காற்று வெளியேற ஊசி முனையளவு துளை. கல்யாண உடையின் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டிய நேரம் அது. அந்த உடை நாற்காலியில் காத்துக் கிடந்தது.

4

வியாழக்கிழமை. ஹாலிஸ் தலையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்லூரி கொடுத்த சாமானை மாத்தக் கூடாது. விதி இருக்கு."

"தெரியும் சார். அந்த விதியை எழுதினவங்க என் தலையைப் பாத்திருக்க மாட்டாங்க."

அவர் தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "இறங்கிப் பாப்போம். இது செல்லுமா செல்லாதான்னு மேல வந்து சொல்றேன்."

இறங்கினார்கள். இந்த முறை காற்று தலையைத் தூக்கவில்லை. முகக்கண்ணாடிக்குள் ஒரு சொட்டுகூட வரவில்லை. ஆற்றுமுகத் தண்ணீர், கையை நீட்டினால் விரல் தெரியாத தேநீர் நிறம். பார்க்க எதுவும் இல்லை என்று நினைத்தபோதுதான் கேட்டது. நாலா பக்கமும் படபடவென்று, காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவதுபோல. (கடுகு என்னுடையது. அவள் சொன்னது, வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கும் சட்டி.) சிப்பிப் பாறைகளின் இடுக்குகளில் கொடுக்கைச் சொடுக்கும் இறால்கள். ஆயிரமா, லட்சமா? பாடத்தில் படித்திருந்தாள். படித்தது இத்தனை சத்தமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்துக்கடியில் இன்னொன்று: தேரை மீன் ஒன்று தன் துணையை அழைத்து முனகும் அடிக்குரல். அது காதுக்கு வரவில்லை, விலா எலும்புக்கு வந்தது. இத்தனை காலமும் துறைப் பலகையில் நின்று ஊமை என்று நினைத்த தண்ணீர் இது. லவீனியா மூச்சை மெதுவாக்கினாள், தன் குமிழ்களின் இரைச்சல்கூட இடையில் வரக் கூடாது என்று.

ஒரு வெளிச்சம் நெருங்கியது. ஹாலிஸ் கட்டைவிரலை மேலே காட்டினார். முக்குளிப்பவர்களுக்கு அதன் பொருள் ஒன்றுதான்: மேலே போகலாம்.

5

முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஹாலிஸ் அந்தத் தையலைப் பார்த்து, இதேபோல் இன்னும் நான்கு வேண்டும் என்கிறார். ஒன்றில் விதி ஜெயிக்கிறது. சனிக்கிழமை அவள் அக்காவுக்குப் பின்னால் சடை மின்ன நடக்கிறாள், கப்பல் அவளில்லாமல் போகிறது. இன்னொன்றில் அவர் தேறினாய் என்கிறார், அவளோ முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்கிறாள், அவருக்குத் தெரியவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று கொரின் சொன்னாள். நான் எழுதப் போவதில்லை. எல்லா முடிவிலும் யாரோ ஒருவர் அவளுக்கு அனுமதி தருகிறார், அல்லது மறுக்கிறார். அந்தப் பேச்செல்லாம் மேலேதான் இருக்கிறது. கீழே இறால்கள் யாரையும் கேட்காமல் பொரிந்துகொண்டிருக்கின்றன.

நீருக்கடியில் லவீனியா அவருக்கு மறுமொழியாக உள்ளங்கையைக் காட்டினாள்: கொஞ்சம் பொறுங்கள். பிறகு ஒரு விரலைக் காதருகே வைத்தாள்: கேளுங்கள்.

அவர் விளக்கை அணைத்தார்.

சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று இருக்கிறது. அவளை எப்போது மேலே கொண்டுவருவது, கரையில் அவளுக்கு என்ன சொல்வது, அதெல்லாம் இனி உங்கள் பாடு.