கொக்கு அணிக்குக் கிடைத்த மணி

சுனாமிக்கு அடுத்த வருஷம், மாசி மாதம். விழுப்புரத்தில் பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்த வினோதினி டீச்சர், பிரம்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஐந்தாம் வகுப்பை அணி அணியாகப் பிரித்துவிட்டாள். நாரை, கொக்கு, உள்ளான், கூழைக்கடா என்று அணிகளுக்குப் பறவைப் பேர்கள். வாரம் முழுக்க அணியாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அணிக்கு ஒரு சீட்டு எடுப்பாள். யார் பேர் வருகிறதோ அந்தப் பிள்ளைதான் மொத்த அணிக்கும் பதில் சொல்ல வேண்டும். ஜெயித்த அணி அடுத்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூட மணி அடிக்கலாம்.

மணி என்றால் ஒரு தண்டவாளத் துண்டுதான். ஆனால் கீதாஞ்சலிக்கு அதன் மேல் உயிர். அவள் முதல் ராங்க்காரி. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத பிறவி. அவள் தலையெழுத்து, அவளுடைய கொக்கு அணிக்கு முதல் இரண்டு வெள்ளியும் தனக்கோடியின் சீட்டே வந்தது. உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் ஆராயியின் மகள் தனக்கோடி, ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி வழி போய் நின்றுவிடுவாள். கீதாஞ்சலி சொல்லிக்கொடுத்திருக்கலாம். பொறுமையா? கிலோ என்ன விலை என்று கேட்பாள்!

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை சாயந்திரம் தனக்கோடியைத் தனியாக இழுத்துப் போனாள்.

"நாளைக்கு வயித்து வலின்னு லீவு போட்டுடுடி. வராதவங்க சீட்டை டீச்சர் போட மாட்டாங்க."

"நான் வரலைன்னா ஜெயிச்சிடுவோமா?"

"கண்டிப்பா."

"அப்ப வரல," என்றாள் தனக்கோடி. கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

ஜெயித்தார்கள். திங்கட்கிழமை கீதாஞ்சலி மணி அடித்தாள். தனக்கோடி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை கீதாஞ்சலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண் ரோட்டுப் பக்கமே ஓடியது. இன்னும் இரண்டு அடி அடித்தால் வந்துவிடுவாள் என்பது போல அடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, ஊரையே கூட்டறியா?" என்று ஹெட்மாஸ்டர் சகாதேவன் கத்தினார்.

சாயந்திரம் சைக்கிளை உப்பளத்துக்கு மிதித்தாள். தலையில் உப்புக் கூடையோடு தனக்கோடி வரப்பில் வந்தாள். கூடைத் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"ஏண்டி வரல?"

"வெள்ளிக்கிழமை சும்மாதானே இருக்கன்னு அம்மா இட்டாந்துச்சு. மேஸ்திரி தெனமும் வரச் சொல்லிட்டாரு." தனக்கோடி சிரித்தாள். "மணி இங்க வரைக்கும் கேக்குதுடி. சூப்பரா அடிக்கிற!"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். பாராட்டினால் என்ன செய்வது? கீதாஞ்சலிக்கு வெட்கமாக இருந்தது. இரவெல்லாம் புரண்டாள்.

வியாழக்கிழமை காலை மணி அடிக்கவில்லை. கம்பியைக் கையில் பிடித்தபடி டீச்சர் முன்னால் நின்று, "நாந்தான் அவளை வர வேணாம்னு சொன்னேன்," என்று அழுதாள். டீச்சர் திட்டவில்லை. ஸ்கூட்டியில் ஏறச் சொன்னாள்.

உப்பளத்தில் ஆராயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இத்தினி நாளா தேடாத பொண்ணை இன்னிக்குத்தான் தேடுறீங்களா டீச்சர்?"

 தனக்கோடி தலையில் கூடையோடு நின்றபடி கீதாஞ்சலியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நான் வந்தா தோத்துடுவோமேடி?"

"தோத்தா தோக்கலாம். ஏழேழு எவ்ளோ?"

தனக்கோடியின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கீதாஞ்சலி வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.

ஆராயிக்குத்தான் பொறுக்கவில்லை.

"தலையில சுமைய வெச்சிக்கினு என்னத்தடி யோசிப்ப?" என்று மகளை அதட்டினாள். "எறக்கு மொதல்ல."