சர்க்கரை போடாத கேன்

சீட்டுப் போடப் பெட்டி வைத்தது மேனேஜர் அன்பழகன்தான். 'டீ ரூமில் என்ன வேண்டும்? பேர் எழுத வேண்டாம்' என்று மேலே ஒட்டியிருந்தது. பேர் வேண்டாம் என்றதை நம்பிச் சீட்டு எழுதிப் போட்டாளே ஆராயி, அவளைச் சொல்ல வேண்டும்.

ஆத்தூருக்குப் பக்கத்துக் குடோன் அது. பரமத்தி வேலூரிலிருந்து வந்தவள் அவள்; ஏணியில் ஏறிச் சரக்குப் பெட்டி எடுப்பது வேலை. பத்து மணிக்குப் பாகு மாதிரி ஒரு டீ, கூட பன், கிரீம் பிஸ்கட். அவளுக்குச் சர்க்கரை வந்து ஒரு வருஷம் ஆகிறது. குடோனில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கூட வேலை பார்த்து, சர்க்கரையில் மயங்கி விழுந்த சித்ராவை, "உடம்பைப் பாத்துக்கம்மா" என்று அனுப்பினவர்கள் அப்புறம் கூப்பிடவே இல்லை. ஆராயிக்குப் புருஷன் இல்லை. காலேஜில் படிக்கும் மகள் மட்டும்தான். இந்த வேலையும் போனால் மகள் படிப்பு அதோடு சரி.

திங்கட்கிழமை அன்பழகன் முன்னால் எல்லாரையும் நிற்க வைத்துச் சூப்பர்வைசர் மோகன்குமார் சீட்டுகளைப் படித்தான். நாலாவது அவளுடையது.

"பன்னையும் பிஸ்கட்டையும் அக்கட்டால வெச்சுப்போட்டு, சக்கரை போடாத டீ ஒரு கேன் வெய்ங்க. சுண்டலும் வேணுமுங்க."

படித்துவிட்டுச் சிரித்தான். "அக்கட்டாலன்னு நம்ம குடோன்ல யாரு சார் பேசறா, பரமத்தி வேலூர்க்காரம்மாவை உட்டா?"

நுணலும் தன் வாயால் கெடும். இவளோ கையால் கெட்டாள். முப்பது தலை அவள் பக்கம் திரும்பியது.

"சுகருங்களாம்மா?" என்றார் அன்பழகன். நல்ல மனுஷன்தான், தணிவாகத்தான் கேட்டார். சித்ராவிடமும் இப்படித்தான் கேட்டார்.

"நான் எழுதலைங்க சார். எனக்கு ஒரு சீக்கும் இல்லைங்க."

வியாழக்கிழமை சுண்டல் வந்தது. டீக்கு இரண்டு கேன் வந்தது. ஒன்றில் 'சர்க்கரை இல்லை' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதன் பக்கத்திலேயே மோகன்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆராயி வரிசையில் வந்தாள். கேட்டது கேட்டபடி கண்முன்னே இருந்தது. பாழாய்ப்போன பயம், கை அந்தப் பக்கம் போக மாட்டேன் என்றது.

"எந்தக் கேன்மா?" என்றான்.

"இனிப்புலதானுங்க."

தளும்பத் தளும்பப் பிடித்துக் கொடுத்தான். அவன் பார்க்க, நின்ற இடத்திலேயே குடித்து முடித்தாள்.

அவளுக்கு அடுத்து நின்றவர் லோடு இறக்கும் தங்கமுத்து. போன மாதம் பெரியாஸ்பத்திரியில், சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில் அவரைப் பார்த்திருக்கிறாள். அன்று அவரும் அவளைப் பார்த்தார். இன்று அவள் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் இனிப்புலயே புடிச்சுடு தம்பி" என்றார்.