மாடி வரியும் கீழ்வீட்டு வரியும்

ஒலிபெருக்கி வண்டி அடுத்த தெரு வரைக்கும் வந்துவிட்டது, நாளைக் காலையில் நம் தெருதான் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னதும், பாதி தைத்த சட்டையை மெஷின் மேலேயே போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வரி ஆபீசுக்குக் கிளம்பினேன். ஐந்து மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள்.

வீட்டு வரி கட்டாதவர்களின் பெயரை ஊரறியப் படித்துக்கொண்டு போகிற வண்டி அது. எங்கள் வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. யாரிடமும் கைமாற்றுக்கூட வாங்காமல் போய்ச் சேர்ந்த மனுஷர். அவர் பெயரை மைக்கில் கத்த விட்டுவிடுவேனா?

இந்த வரியால்தான் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சே நின்றது. "தரையில இருக்கிறவங்கதான் கட்டணும்" என்றான் மாடியில் இருக்கும் அவன். "கூரை யாரோடதோ அவங்க கட்டட்டும்" என்றேன் கீழ்வீட்டில் இருக்கும் நான். அன்றிலிருந்து எல்லாமே அண்ணி வழியாகத்தான். படியில் நின்றுகொண்டு, "மோட்டாரைப் போடச் சொல்லு அவளை" என்பான். "போட்டாச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்பேன். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் அண்ணி சொல்லியாக வேண்டும்.

சல்லிக்காசு கட்டமாட்டேன் என்று வீறாப்பு பேசுவேனே தவிர, நோட்டீஸ் வந்ததும் ஓசைப்படாமல் போய்க் கட்டிவிடுவேன். இந்தத் தடவை சீருடை தைத்த கூலியைப் பள்ளிக்கூடத்தார் இழுத்தடித்து இன்றைக்குத்தான் கொடுத்தார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் கிரீஸ் கறை படிந்த ஒரு முதுகு. அந்தச் சட்டைக் காலர் நான் தைத்தது. யாருக்கோ என்று சொல்லி அண்ணி என்னிடம் தைத்து வாங்கிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தது மெக்கானிக் வேலை பார்க்கும் என் அண்ணன். திருட்டு முழி முழித்தான்.

"மேடம், அவளைப் போகச் சொல்லுங்க. எங்க வீட்டு வரியை வருஷா வருஷம் நான்தான் கட்டறேன்" என்றான் கவுன்ட்டர் அம்மாவிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பச்சைப் பொய்னு சொல்லுங்க மேடம். கட்டறது நான்."

அண்ணியின் வேலை இப்போது அந்தம்மா தலையில் விழுந்தது. இரண்டு நோட்டீஸையும் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னிடம், "வீடு ஒண்ணுதான், வரி ரெண்டு. மாடிக்குத் தனி, கீழ்வீட்டுக்குத் தனி. நீங்க கட்டறது மாடிக்கு. இவர் கட்டறது கீழ்வீட்டுக்கு. மாடியில யாரு இருக்கீங்க?" என்றாள்.

அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினான்.

நோட்டீஸ்காரர் வருகிற நேரத்தில் நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பேன். அவன் கீழே கொட்டகையில் ஏதாவது ஒரு வண்டியைக் குடைந்துகொண்டிருப்பான். அந்த மனுஷர் மாடிக்கானதை மாடியில் இருந்தவளிடம் கொடுத்தார், கீழ்வீட்டுக்கானதைக் கீழே இருந்தவனிடம் கொடுத்தார். அப்பா பெயரையும் தொகையையும் தவிர வேறெதையும் நாங்கள் படித்ததில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"சட்டப்படி யாரும்மா கட்டணும்?" என்றேன்.

"வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க. அவர் இல்லைன்னா, வாரிசுங்க ரெண்டு பேரும். பேரை மாத்தாம இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"சண்டை போட்டோம்."

இரண்டு வரியையும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றும் மனுவையும் நீட்டினாள். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும் என்றாள். அண்ணன் சட்டைப்பையைத் தடவினான். "பேனா இருக்கான்னு அவளைக் கேளுங்க மேடம்."

"பக்கத்துலதானே நிக்கிறாங்க? நேரா கேளுங்க. நான் கவுன்ட்டரை மூடணும்."

அவன் தலையைச் சொறிந்தான். "பேனா இருக்கா, பாப்பா?"

என் பையைக் கவிழ்த்தேன். அளவு டேப்பும் சாக்பீஸும் பொத்தான்களும் கொட்டின, பேனா மட்டும் இல்லை. அந்தம்மாவே சிரித்துக்கொண்டு தன்னுடையதைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை வண்டி வந்தது. மூன்று பேரும் வாசலில் நின்றோம். எதிர்வீட்டுப் பெயர் வந்தது, அதற்கடுத்த வீட்டுப் பெயரும் வந்தது. வண்டி எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

"பேர் வரலைன்னு சொல்லு..." என்று அண்ணியிடம் ஆரம்பித்தவன், நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அப்பா பேர் வரல, பாப்பா."

"ஆமாண்ணா, வரல."

அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.