வாசலில் தொங்கிய கல்யாணங்கள்

கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் எறிய யாருக்கும் மனம் துணிவதில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த காகிதம் அது. கல்யாணம் முடிந்த பிறகு அதனால் ஒரு பயனும் இல்லை என்பதும் உண்மை. மண்ணூரில் செங்கமலத்தின் வீட்டில் இத்தகைய பத்திரிகைகள் ஒரு கம்பியில் குத்தப்பட்டு, வாழைத்தார் அளவுக்குப் பெருத்துத் தொங்கின.

அவற்றுக்கு மறுபிறவி கொடுக்கும் வழியைச் சொன்னவள் பக்கத்து வீட்டு அந்தோணிமேரி. கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் அவள் அதைக் கற்றிருந்தாள்.

"சாமி படத்த மட்டும் தனியா வெட்டி எடுத்து வச்சிருங்கக்கா. மிச்சத்த வெரல் அகலத்துக்கு நறுக்கி, ஜெம் கிளிப்பு மேல சுருட்டி ஒட்டணும். கிளிப்ப கிளிப்போட மாட்டினா சரம். சரத்த வரிசையா கட்டினா வாசலுக்குத் தெர."

செங்கமலத்தின் கணவன் பலராமன் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு வரும்போது, சுங்குவார்சத்திரத்தில் இறங்கி டப்பா டப்பாவாகக் கிளிப்பு வாங்கி வந்தான். கஞ்சிப் பசை கிண்டப்பட்டது. வீட்டிலிருந்த தட்டு, முறம், தலையணை எல்லாவற்றிலும் பசை ஒட்டிய பிறகு ஒருவழியாகத் திரை பிறந்தது. மேலே ரோஜா நிறம், நடுவே வெள்ளையும் பச்சையும், கீழே மஞ்சள். காற்றடித்தால் மழைத்தூறல்போல் சலசலத்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அடுத்த மாதம் கைக்குழந்தைக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் மூத்த தாய்மாமனான நடேசன். அவர் வராவிட்டால் காதும் குத்த முடியாது, ஊர் வாயையும் மூட முடியாது. நாள் குறித்ததைச் சொல்ல அண்ணனை வரவழைத்திருந்தாள் செங்கமலம். வந்தவர் வாசலிலேயே குனிந்தார். முழங்காலுக்குக் கீழே ஆடிய மஞ்சள் சுருள் ஒன்றைப் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"இது எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகதானே?"

"ஆமாண்ணா, நல்லா கீதுல்ல?"

"அப்ப மேல பளபளன்னு தொங்கறது?"

அது தம்பி சுப்பிரமணியின் மகள் கல்யாணப் பத்திரிகை. இரு கல்யாணங்களும் ஒரே வைகாசியில் நடந்தவை. அண்ணன் மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். தம்பியோ சிவகாசிக்கு ஆளனுப்பி, ரோஜா நிற வழவழப்புத் தாளில் தங்க எழுத்து அச்சடித்தான். தம்மை மட்டம் தட்டவே தமிழ்நாட்டில் தங்க மை கண்டுபிடிக்கப்பட்டதாக நடேசன் அன்று முதல் நம்பிவந்தார்.

"உன்னுது கெட்டி அட்டண்ணா. கனமா கீறது கீழ இருந்தாதான் தெர காத்துல பறக்காது."

"கனமானவன கால்ல போடுவியா? நாலு சனம் வந்து போற வூடு. அவனுக்குக் கீழ நான் தொங்கணுமா? இத சரி பண்ணாம என்னைக் கூப்புடாத. கழட்டி எறிஞ்சன்னு வையி, எம் பொண்ணு கல்யாணத்த எறிஞ்சியான்னு கேப்பேன்."

அவர் போனதும் செங்கமலம் திரையைத் தலைகீழாகக் கட்டினாள். மஞ்சள் மேலேறியது. சாயங்காலமே சுப்பிரமணி, குழந்தைக்குப் போடப்போகும் தோட்டின் மாதிரியைக் காட்ட வந்துவிட்டான்.

"இன்னாக்கா, தங்க எழுத்து தரைய கூட்டுது? வௌக்கமாத்துக்கா அச்சடிச்சேன்?"

"துவைச்சிக் கட்டனேன்பா, மாறிப்போச்சி."

"காயிதத்த தொவச்சியா?" என்று கேட்டுவிட்டு, அவன் தோடு மாதிரியைச் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டான்.

பகல் தூக்கத்திலிருந்து எழுந்த பலராமன் ஒரு யோசனை சொன்னான். "ஒத்த நாள் அண்ணன், ஒத்த நாள் தம்பின்னு ஷிப்டு போட்டு தொங்கவுடு."

"காதுகுத்து அன்னிக்கி?"

"அன்னிக்கி ரெண்டு பேருக்கும் ஓவர்டைம்" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான்.

மேல், கீழ் என்று ஒன்று இருந்தால்தானே இந்த வழக்கு? செங்கமலம் திரை முழுவதையும் பிரித்தாள். சரங்களைச் சிறிய குஞ்சங்களாக்கி, நிலைப்படியின் தலையில் தோரணம்போல் ஒரே வரிசையாகக் கட்டினாள். ஒரு கோடியில் மஞ்சள், மறு கோடியில் ரோஜா, இடையில் ஊராரின் கல்யாணங்கள். ஒரு குஞ்சத்துக்கும் மறு குஞ்சத்துக்கும் அரிசி அளவுகூட உயர வேற்றுமை இல்லை. இரு வீட்டுக்கும் ஆளனுப்பிச் செய்தி சொன்னாள்.

காதுகுத்து அன்று நடேசன் முதலில் வந்தார். தோரணத்தை அண்ணாந்து பார்த்து, உள்ளே போய், வாசலைப் பார்த்தபடி மணையில் அமர்ந்தார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். காது குத்த வந்த தாண்டவராயப் பத்தர் ஊசியை எடுத்தார்.

"இருங்க பத்தரே" என்றார் நடேசன். "வலது பக்கம் யாருது?"

உயரத்தை அளந்த செங்கமலம் இடத்தை யோசித்திருக்கவில்லை. நடேசன் தம் வலக்கையை நீட்டி, அதன் திசையிலேயே பார்வையைச் செலுத்தினார். அங்கே மஞ்சள் குஞ்சம் ஆடியது.

"நம்மளுது" என்றார் அவர். முகம் மலர்ந்தது. "குத்துங்க."

அதே நேரத்தில் வெளியே பந்தலில் வந்து அமர்ந்த சுப்பிரமணி, வாசலைக் காட்டி யாரிடமோ உரத்த குரலில் ஆரம்பித்தான்: "பாத்தியா, வலது பக்கம் எங்க..."

"குத்துங்க பத்தரே, நேரம் போவுது!" என்று செங்கமலம் அலறினாள். பத்தர் குத்தினார். குழந்தை வீறிட்டது. சுப்பிரமணியின் மீதிப் பேச்சு அந்த அழுகைக்குள் அடங்கிப்போயிற்று. அடுத்த காதும் குத்தி முடிந்ததும்தான் செங்கமலத்துக்கு மூச்சு வந்தது.

ஒரே வாசல், இரண்டு வலதுபக்கம். இருவரும் அவரவர் இடத்தைவிட்டு நகராதவரை இந்த நியாயம் செல்லுபடியாகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே பந்தலுக்கு ஓடினாள். சுப்பிரமணி மகிழ்ந்து, அங்கேயே தோட்டை எடுத்துக் கொடுத்தான். நடேசனுக்கு மணைக்கு எதிரிலேயே இலை விழுந்தது. சாப்பிட்டு முடித்து, கை கழுவ எழப்போனவரை அவள் தோளைப் பிடித்து அமர்த்தினாள்.

"நீ எதுக்குண்ணா வெளிய போவணும்? உக்காரு." தாம்பாளத்தை ஏந்தி, சொம்பால் நீர் வார்த்து, முந்தானையைத் துடைக்கக் கொடுத்தாள்.

நடேசனின் கண்கள் கலங்கிவிட்டன. "தாய்மாமனுக்கு மரியாத செய்யத் தெரிஞ்ச வூடுடா இது!" என்று பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார்.

பந்தலில் சுப்பிரமணி எச்சில் கையை நீட்டியபடி எழாமல் உட்கார்ந்திருந்தான்.

"நானும் தாய்மாமன்தான்க்கா" என்றான்.

பலராமன் இன்னொரு தாம்பாளம் தேடி அந்தோணிமேரி வீட்டுக்கு ஓடினான்.